பதிமூணு-ஏ

அந்த ஊரில் வானத்தைப் பார்த்து யாரும் மிளகாய் வற்றலை அள்ளுவதில்லை. சங்கைக் கேட்டுத்தான் அள்ளுவார்கள்.

சங்கு என்றால் மூன்று கிலோமீட்டர் தள்ளி, சாத்தூர் ரோட்டுக்கு மேற்கே இருக்கிற வெடி கம்பெனியின் சங்கு. அங்கே தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மின்னல் நெருங்குவதை இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே மோப்பம் பிடித்துவிடும். உடனே ஆபீஸ் மாடியில் சங்கு அலறும். முப்பத்தாறு ரூமிலும் மருந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆட்கள் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். பெட்டிக்கு ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. ஊருக்கு அது இடிப்பெட்டி. கம்பெனி தன் ஆட்களுக்காக வைத்ததை ஊர்ப் பெண்கள் தங்கள் வற்றலுக்கும் துவைத்த துணிக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக எந்த வீட்டிலும் வற்றல் நனைந்ததில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். திருத்தங்கலில் மாதாந்திரக் கரண்ட் கட். கம்ப்யூட்டர் கடை அஷ்ஃபாக், "சும்மா உக்காந்து வேர்த்து வடியவா? வீட்டுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வா தங்கச்சி" என்று அனுப்பிவிட்டதால், அங்கே வேலை பார்க்கும் கீர்த்திகா மதியத்தில் வீட்டில் இருந்தாள். அம்மா காலையில் வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி இரண்டு வாய் தின்றிருப்பாள், வடக்கே இடி உருண்டது.

வாசலுக்கு வந்து பார்த்தாள். காரியாபட்டிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு அய்யம்மாள் ரோட்டோரம் சாக்கை விரித்து இரண்டு மூட்டை வற்றலைக் காயப்போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி, வத்தல அள்ளலையா? வானம் எப்பிடி இருக்குன்னு பாத்தீகளா?"

"சங்கு ஊதலையே தாயி."

"இடி விழுந்துச்சே."

"எங்கனயோ விழுந்திருக்கும். நம்ம பக்கம் வாரதா இருந்தா பெட்டி சும்மா இருக்குமா? நீ போயி சோத்தத் தின்னு. எலும்பும் தோலுமா இருக்க."

கீர்த்திகா உள்ளே போனாள். ஆனால் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவில், கடை சார்பில் அந்த வெடி கம்பெனி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள்தான்.

வேலை இதுதான். கம்பெனி புதிதாக மூன்று கலர் புஸ்வாணம் ஒன்று போட்டது. சரக்கு லாரி ஏறுவதற்கு முன்னாலேயே அதே மாதிரி இன்னொருத்தன் கடையில் வந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து யாரோ ரூம் கேமராவைப் பார்த்து மருந்துக் கலவையின் பக்குவத்தை வெளியே சொல்லிவிட்டார்கள் என்று மானேஜர் சரவணக்குமாருக்குச் சந்தேகம். "எது எதுகூடப் பேசணுமோ அது மட்டும் பேசட்டும். மத்ததுக்கு எல்லாம் பூட்டு. நீயே உன் வீட்டுல இருந்து உள்ள வர நெனச்சாலும் முடியக்கூடாது" என்றார்.

ஆபீஸ் மூலையில் எல்லாக் கேபிளும் வந்து சேருகிற சுவிட்ச் ஒன்று உண்டு. அதற்குள் பட்டியல் எழுதலாம். இந்த எண் போகலாம், இந்த எண் போகலாம் என்று வரி வரியாக. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண். வருகிற எண்ணைச் சுவிட்ச் மேலிருந்து கீழே ஒத்துப் பார்க்கும். வரி இருந்தால் விடும். எந்த வரியிலும் இல்லாவிட்டால், அடியில் யாரும் எழுதாமலே ஒரு கடைசி வரி இருக்கிறது: மற்ற எதுவும் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த வரிக்குத்தான் அதிகாரம் அதிகம்.

ஆபீஸ் சுவரில் ரூம்களின் சார்ட் ஒட்டியிருந்தது. ரூம் நம்பர்தான் கேமராவின் நம்பர். கீர்த்திகா சார்ட்டில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். முப்பத்தாறும் முடிந்ததும் ரெக்கார்டர், பிரிண்டர், சங்கு எல்லாவற்றுக்கும் வரி போட்டாள். அவசரத்துக்குக் கையால் ஊத வைத்திருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கிப் பார்த்தாள், சங்கு ஜோராக ஊதியது. திங்கட்கிழமை சாயங்காலம் போய் ரிப்போர்ட்டை எடுத்தபோது, தடுக்கப்பட்டவை நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்த்திருக்கிறார்கள், என் பட்டியல் மடக்கிவிட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை. அம்மாவிடம்கூடச் சொல்லி, கூட இரண்டு அவித்த முட்டை வாங்கித் தின்றாள்.

இப்போது அந்த ரிப்போர்ட்டை லேப்டாப்பில் திறந்தாள். நேற்றுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடியதை இன்றைக்கு வரி வரியாகப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டும் ஒரே எண்ணில் இருந்து வந்திருந்தன. ஒரே இடத்துக்குப் போகப் பார்த்திருந்தன. போகப் பார்த்த இடம் சங்கு. வந்த எண் பதினாலு.

அந்த எண்ணை அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.

அந்தக் கம்பெனியில் பதினாலாம் நம்பர் ரூம் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருந்தது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அது போனது, உள்ளே இருந்த நாலு பேரோடு. அதில் ஒருவர் சோணைமுத்து, கீர்த்திகாவின் அப்பா. அதே இடத்தில் புதிதாக ரூம் கட்டி பதினாலு என்று எழுதியபோது ஒரு பெண்ணும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. முதலாளி அந்த நம்பரை அழித்துவிட்டு 13-ஏ என்று எழுதச் சொன்னார். அதன் பிறகு அங்கே யாரும் அந்த எண்ணை வாயில் எடுப்பதில்லை. ஆளை எண்ணினாலும், அட்டைப்பெட்டியை எண்ணினாலும் பதிமூணு, பதிமூணு-ஏ, பதினஞ்சு. வீட்டிலும் அப்படியே. கீர்த்திகாவின் அம்மா பாண்டிலட்சுமி முறுக்கைச் சட்டியில் போட்டு எண்ணினால்கூட அந்த இடத்தில் ஒரு தாவு தாவுவாள். பதினாறு வயதில் இருந்து கீர்த்திகாவின் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது. அதனால்தான் சார்ட்டில் விரல் நகர்ந்தபோது எந்த இடத்திலும் இடறவில்லை.

பெட்டியை மாட்ட வந்த மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதை எல்லாம் என்ன தெரியும்? 13-ஏ கேமராவுக்கு ஏற்கெனவே நூற்றுப் பதிமூணு என்று தனி எண் இருந்தது; சார்ட்டில் பதினாலு காலியாக இருக்கிறதே என்று அதைத் தூக்கி இடிப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாளாகப் பெட்டி அடிக்கொரு தரம் 'இருக்கேன், இருக்கேன்' என்று சங்குக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது 'வருது, வருது' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அம்மா இருபத்திரண்டாம் ரூமில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருக்கிறாள்.

மானேஜருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. லோடு ஏறுகிற நேரம், லாரிப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது, அது மேஜை டிராயருக்குள் கிடந்து அலறும். ஆட்களின் போன் எல்லாம் கேட்டில் தகரப் பெட்டிக்குள். லேப்டாப் வழியாக உள்ளே நுழைந்து ஒரு வரி சேர்த்துவிடலாமா என்றால், அந்த வழியை அடைத்ததும் அவளேதான்.

அஷ்ஃபாக்கைக் கூப்பிட்டாள். பாதி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழாத. அழுது என்ன ஆகப்போகுது? வண்டில பெட்ரோல் இருக்கா?"

"இருக்குண்ணே. ஆனா என் தப்புண்ணே, கடை பேரு..."

"கடை பேரு கெடக்கட்டும். அங்க எம்புட்டுப் பேரு உள்ள இருக்காக? நீ கெளம்பு. நான் மானேஜருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். எப்பயாவது எடுக்காமலா போவாரு?"

லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். "சித்தி, வத்தல அள்ளுங்க!" என்று கத்தினாள்.

"சங்கு ஊதல..."

"ஊதாது சித்தி! அள்ளுங்க!"

அய்யம்மாள் வெற்றிலை வாயோடு அப்படியே நின்றாள்.

ரோடு வளைந்து கரிசல் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் முதல் மின்னல் கண்ணை வெட்டியது. சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி, இடி எவ்வளவு தூரம் என்று பார்க்க வாய் தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு... பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதிமூணு-ஏ. அப்போதுதான் இடி வந்தது. நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு. அடுத்த மின்னலுக்கு ஒன்பதுதான் எண்ண முடிந்தது. பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. ஓடை தாண்டி ஏறும்போது இன்னொரு மின்னல், ஆறு எண்ணுவதற்குள் இடித்தது. அம்மாவின் தலையில் கட்டிய வெள்ளைத் துணியும், மருந்து அப்பி வெள்ளி நிறமாகிப்போன அவள் விரல்களும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்தபோது இதே ரோட்டில்தான் வந்தாள். அன்றைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கேட்டில் மணிகண்டராஜ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். இருபது வருஷமாகக் கேட்டில் நிற்கிறவர். தீப்பெட்டி, போன், ஆணி அடித்த செருப்பு, நைலான் சேலை எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. சோணைமுத்துவுக்குத் தோஸ்து.

"என்னத்தா இந்த மழைக்குள்ள?"

"மாமா, கதவத் தெறங்க. சங்க ஊதணும். ஆளுகள வெளிய எடுக்கணும்."

"இரு, இரு. இன்னைக்கு வாரவுக லிஸ்ட்ல உன் பேரு இல்லையே."

"லிஸ்டு கெடக்கட்டும் மாமா! இடி தலைக்கு மேல நிக்கிது. ரூமுல ஆளு இருக்காக."

"நானுந்தான் பாக்கேன். மனசு அடிச்சுக்கிடத்தான் செய்யுது. ஆனா பெட்டி ஊதலையே தாயி. போன வாரம் போர்மேன் மேகத்தப் பாத்துட்டு அவராவே பட்டன அமுக்கிட்டாரு. இடியுமில்ல, மழையுமில்ல. ரெண்டு மணி நேரம் வேல கெட்டுப்போச்சு. மொதலாளி அவர என்ன பேச்சுப் பேசினாக தெரியுமா? பெட்டி ஊதாம இனி எவனும் பட்டனத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. மிஷினவிட நமக்கு என்ன தெரியப்போகுது?"

"மிஷினு ஊதிக்கிட்டுத்தான் மாமா இருக்கு. நாந்தான் அது வாயப் பொத்தி வச்சிருக்கேன்."

"என்ன சொல்லுத?"

கீர்த்திகாவுக்கு மூச்சு வாங்கியது. சுவிட்சையும் பட்டியலையும் இவருக்கு எப்படிச் சொல்ல? சொல்லத்தான் நேரம் எங்கே இருக்கிறது?

"ஞாயித்துக்கெழம நான் ஒரு லிஸ்ட் எழுதுனேன் மாமா. அதுல இருக்குறது மட்டுந்தான் சங்குகிட்டப் போக முடியும். இடிப்பெட்டி நம்பர நான் எழுதல. நம்ம எண்ணுற மாதிரியே எண்ணிட்டேன். பதினால விட்டுட்டேன்."

மணிகண்டராஜ் கம்பியைப் பிடித்தார். அந்தக் கேட்டில் ஒன்பது வருஷமாகக் கேட்காத சொல் அது. அந்த நாலு பேரையும் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தவர் அவர். இவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளை இழுத்தார்.

"ஓடு. நான் கடைசி வரிசைல இருந்து ஆள எறக்குதேன்." இரண்டடி ஓடியவளை மறுபடி அதட்டினார்: "ஏய், போனு! செருப்பு!"

லேப்டாப் பையைக் கேட்டில் போட்டு, போனைத் தகரப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். இந்த மனுஷன் எமன் வந்தாலும் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்.

ஆபீஸில் ஆள் இல்லை. டிராயருக்குள் மானேஜரின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அமுக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மாடியில் சங்கு அலறத் தொடங்கியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழைக்குள் ரூம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் தலைத்துணியோடு இறங்கிக் குனிந்து ஓடினார்கள். சிலர் சிரித்துக்கொண்டு ஓடினார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? பதினெட்டில் நாலு பேர். இருபதில் மூன்று. இருபத்திரண்டில் இருந்து ஒருத்தி வந்தாள், இன்னொருத்தி வந்தாள். அம்மாவைக் காணவில்லை. மூன்றாவதாகப் பாண்டிலட்சுமி வந்தாள், நிதானமாக. மருந்துத் தட்டை ஈரம் படாமல் மூடிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஓடேம்மா" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கெஞ்சினாள் மகள்.

கடைசிப் பெண்ணும் கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம்தான் இருக்கும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, எண்ண இடமே இல்லாமல். காம்பவுண்டுக்கு அப்பால் நின்ற ஒற்றைப் பனையின் தலை பற்றி எரிந்தது. இருபதாம் ரூமுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது.

சரவணக்குமார் சொட்டச் சொட்ட ஓடிவந்தார். "யாரு அமுக்குனது? பெட்டியா ஊதுச்சு?"

"நாந்தான் சார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. கேட்கக் கேட்க அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பனையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"ஏம்மா, வெளிய சொல்லிராத. பெட்டி ரிப்பேருன்னு மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பூட்டச் சொன்னது நானு. எனக்கும் சேத்துத்தான கேடு."

"பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. ரிப்பேருன்னு சொன்னா அதக் கழட்டிருவாக. நான் விட்டதுன்னே சொல்லுங்க."

கீர்த்திகா ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். பட்டியலைத் திறந்து பதிமூணு-ஏ கேமராவின் வரிக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு வரி சேர்த்தாள். பதினாலு போகலாம். கரண்ட் போய் வந்தாலும் அழியாதபடி அதைப் பதிந்தும் வைத்தாள். பதிந்து கையை எடுப்பதற்குள், யாரும் பட்டனைத் தொடாமலே, மாடியில் சங்கு தானாக அலறியது. அவள் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

"ஏத்தா."

வாசலில் பாண்டிலட்சுமி நின்றாள். சேலை முழுக்க ஈரம், விரல் எல்லாம் வெள்ளி. மணிகண்டராஜ் பாதி சொல்லியிருக்க வேண்டும்.

"உன்னால சங்கு ஊதலையாமே?"

"ஆமாம்மா."

"உள்ள நானும் இருந்தேன். தெரியும்ல?"

"தெரியும்மா."

"என்னத்த விட்ட?"

கீர்த்திகாவால் அம்மா முகத்துக்கு நேராக அந்த எண்ணைச் சொல்ல முடியவில்லை. எழுந்து சுவரில் இருந்த சார்ட்டுக்குப் போய், 13-ஏ-வுக்கும் 15-க்கும் நடுவில் விரலை வைத்தாள். அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது.

பாண்டிலட்சுமி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை கொட்டியது. திட்டு விழும், அறைகூட விழும் என்று கீர்த்திகா காத்திருந்தாள்.

"அத நாந்தான உனக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் பாண்டிலட்சுமி.

பிறகு மானேஜரிடம் கையை நீட்டினாள். "பேனாவக் குடுங்க சார்."

"அந்த நம்பர எழுதாதீகம்மா. மொதலாளி பாத்தா..."

"என்னையக் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

அவளுக்கு எழுத்துக் கூட்டி எழுத வராது. எண் எழுதுவாள், தினமும் தட்டுக்குத் தட்டு எழுதுகிறவள்தான். அந்த இடுக்கான இடத்தில் 14 என்று அழுத்தி எழுதினாள். "இதுக்கு நேரா யாரு பேரு வரும்?"

"இடிப்பெட்டிம்மா."

"அத நீ எழுது" என்று பேனாவைக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தாள். கீர்த்திகா எழுதிவிட்டுப் பின்னால் ஓடினாள்.

கொட்டகைக்குள் பெண்கள் ஒட்டி ஒட்டி நின்றார்கள். யாரோ ஒருத்தி தூக்குவாளியைத் திறந்து மிச்சச் சோற்றைப் பங்குவைத்துக்கொண்டிருந்தாள். மணிகண்டராஜ் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு விரலாட்டு. "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு..." அடுத்து நின்றவள் அப்போதுதான் உள்ளே நுழைந்த பாண்டிலட்சுமி. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "பதிமூணு-ஏ" என்றார்.

"சரியா எண்ணுங்கண்ணே" என்றாள் பாண்டிலட்சுமி.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விரலை நீட்டியபடியே நின்றார்.

"பதினாலு" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

அடுத்து நின்ற கீர்த்திகாவின் தலைக்கு நேராக விரல் நகர்ந்தது.

"பதினஞ்சு."